எத்தனை தடவை, எவ்வளவு அடிக்கடி: ஆங்கிலத்தில் சரியாகச் சொல்ல ஒரு முழு வழிகாட்டி

மாலை வகுப்பில் ஒருநாள் மாதிரி நேர்முகத் தேர்வு நடத்தினேன். "ஹவ் ஆஃபன் டூ யூ ரீட் எ நியூஸ்பேப்பர்?" என்று கேட்டேன். எதிரே இருந்த இளைஞர் நிமிர்ந்து உட்கார்ந்து, "டெய்லி ஐ வில் ரீட், சார்" என்றார். பள்ளி நாட்களிலிருந்தே பேப்பர் படிக்கிறவர் அவர். நடுப்பக்கக் கட்டுரையைக்கூட விடமாட்டார். ஆனால் தமிழ் தெரியாத ஒருவர் காதில் அந்தப் பதில் "இனிமேல் தினமும் படிப்பேன்" என்றுதான் விழும். பல வருடப் பழக்கம், 'வில்' என்ற ஒரே சொல்லால் நாளைக்கான தீர்மானமாகிவிட்டது.

அவருக்குச் சொற்கள் தெரியாமல் இல்லை. ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி, நெவர் என்று வரிசையாக ஒப்பிப்பார். தமிழில் நாம் யோசிக்காமலே செய்கிற சில காரியங்களை ஆங்கிலத்திலும் அப்படியே செய்துவிடுகிறோம், சிக்கல் அங்கேதான் வருகிறது. அதனால் இந்த வழிகாட்டியைச் சொற்பட்டியலில் தொடங்காமல், தமிழில் நாம் பேசுகிற விதத்திலிருந்து தொடங்குகிறேன். ஆங்கில வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஒவ்வொன்றையும் வாய்விட்டு இரண்டு தரம் சொல்லிப் பாருங்கள். நாக்கு பழகாமல் இந்த விஷயம் வராது.

படி 1: முதலில் வினைச்சொல்லைச் சரிசெய்யுங்கள்

"காலையில் காபி குடிப்பேன்." "ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்போம்." "அப்பா ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார்." இந்த மூன்றும் நம் இலக்கணப்படி எதிர்கால வினைகள். ஆனால் எதிர்காலத்தைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை, பழக்கத்தைத்தான் சொல்கிறோம். தமிழில் வழக்கத்தைச் சொல்வதற்கு எதிர்கால வினைதான் இயல்பாக வாயில் வருகிறது. 'குடிப்பேன்' என்றதும் மனம் 'வில் டிரிங்க்' என்று மாற்றிக்கொள்கிறது.

ஆங்கிலத்தில் பழக்கத்துக்கு உரியது சாதாரண நிகழ்காலம். "ஐ டிரிங்க் காஃபி இன் தி மார்னிங்." "வீ பை மீட் ஆன் சன்டேஸ்." "மை ஃபாதர் கோஸ் டு பெட் அட் நைன்." கடைசி வாக்கியத்தில் 'கோஸ்' என்று முடிவதைக் கவனியுங்கள். ஹீ, ஷீ, இட் வந்தால் வினையின் கடைசியில் 'ஸ்' ஒலி சேரும். எல்லோருக்கும் தெரிந்த விதிதான், பேசும்போது முதலில் நழுவுவதும் இதுதான்.

இன்னொரு பழக்கம், "ஐ ஆம் கோயிங் டு ஆஃபீஸ் பை பஸ் டெய்லி" என்று சொல்வது. 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதன் நிழல் இது. 'ஆம் கோயிங்' என்றால் இப்போதைக்கு மட்டும் அப்படி என்று பொருள். பைக் மெக்கானிக்கிடம் இருக்கிறது, இந்த வாரம் முழுக்க பஸ்தான் என்றால் "திஸ் வீக் ஐ ஆம் கோயிங் பை பஸ்" என்பது மிகச் சரி. வருடக்கணக்காக பஸ்ஸில்தான் போகிறீர்கள் என்றால் "ஐ கோ டு ஆஃபீஸ் பை பஸ்" போதும்.

கடந்தகாலத்திலும் தமிழ் இதே வினையைத்தான் எடுக்கிறது. "சின்ன வயதில் தினமும் ஆற்றில் குளிப்போம்." ஆறும் வற்றிவிட்டது, நாமும் ஊர் மாறிவிட்டோம், ஆனாலும் 'குளிப்போம்'. ஆங்கிலத்தில் இதற்கு 'யூஸ்ட் டு' என்று ஒன்று இருக்கிறது: "வீ யூஸ்ட் டு பேத் இன் தி ரிவர் எவ்ரி டே." முன்பு இருந்து இப்போது இல்லாத பழக்கத்துக்கு மட்டுமே இது.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'யூஷுவலி' என்று சொல்ல நினைத்து "ஐ யூஸ் டு கெட் அப் அட் ஃபைவ்" என்கிறார்கள். இரண்டும் ஒரே மாதிரி ஒலிப்பதால் குழப்பம் இயல்பு. ஆனால் கேட்பவர், முன்பு ஐந்து மணிக்கு எழுந்தீர்கள், இப்போது விட்டுவிட்டீர்கள் என்று புரிந்துகொள்வார். இன்றைய வழக்கம் என்றால் "ஐ யூஷுவலி கெட் அப் அட் ஃபைவ்". விட்டுப்போன வழக்கம் என்றால் "ஐ யூஸ்ட் டு கெட் அப் அட் ஃபைவ்". இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் இந்த வாரம் பழகினால்கூடப் போதும் என்பேன்.

படி 2: எண்ணிச் சொல்கிறீர்களா, மதிப்பாகச் சொல்கிறீர்களா?

வாயைத் திறக்கும் முன் இதை முடிவுசெய்துகொள்ளுங்கள். "வாரம் இரண்டு தடவை" என்பது எண்ணிக்கை. "அடிக்கடி" என்பது மதிப்பு. எண்ணிக்கைச் சொற்கள் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசிக்குப் போகும்: "ஐ கால் மை மதர் ட்வைஸ் எ வீக்." மதிப்புச் சொற்கள் நடுவில் நிற்கும்: "ஐ ஆஃபன் கால் மை மதர்." கேள்வியிலும் இந்தப் பிரிவு உண்டு. 'ஹவ் ஆஃபன்' என்றால் எவ்வளவு நாளைக்கு ஒருமுறை. 'ஹவ் மெனி டைம்ஸ்' என்றால் மொத்தம் எத்தனை தடவை. நாம் இரண்டுக்கும் "எத்தனை தடவை" என்றே கேட்டுவிடுவோம்.

படி 3: சொற்களின் எடையைக் கையில் தூக்கிப் பாருங்கள்

பாடப்புத்தகங்களில் ஒரு படம் இருக்கும். ஆல்வேஸ் 100 சதவீதம், யூஷுவலி 90, ஆஃபன் 70, சம்டைம்ஸ் 50, ரேர்லி 10, நெவர் 0. வரிசையை மனதில் வைக்க இது உதவும், அவ்வளவுதான். ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு எண்ணைப் போடும். 'அடிக்கடி சினிமாவுக்குப் போவார்' என்றால் மாதம் இரண்டு முறையாக இருக்கலாம். 'அடிக்கடி காபி குடிப்பார்' என்றால் நாளைக்கு ஐந்து முறை. அந்தக் காரியத்தைச் சாதாரணமாக எத்தனை தடவை எதிர்பார்ப்போமோ அதைவிட அதிகம் என்றால் 'ஆஃபன்', குறைவு என்றால் 'ரேர்லி'. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இது பொது.

ஆல்வேஸ் என்பது விதிவிலக்கே இல்லாத 'எப்போதும்'. யூஷுவலி, நார்மலி, ஜெனரலி மூன்றும் 'வழக்கமாக' என்ற குடும்பம். இதில் யூஷுவலிதான் பேச்சுக்கு மிகவும் இயல்பு. நம்மூரில் இந்த இடத்தில் 'மோஸ்ட்லி' அதிகம் புழங்குகிறது, 'மேக்ஸிமம்' என்றும் சிலர் சொல்கிறார்கள். "மேக்ஸிமம் ஐ வில் கோ பை பஸ்" என்பது ஊருக்கு வெளியே புரியாது. "ஐ யூஷுவலி கோ பை பஸ்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆஃபன், ஃப்ரீக்வென்ட்லி இரண்டும் 'அடிக்கடி'. இரண்டாவது கொஞ்சம் அலுவலக வாடை அடிக்கும், கடிதத்துக்கும் அறிக்கைக்கும் பொருந்தும். ஆஃபன் என்று சொல்வதா, ஆஃப்டன் என்று சொல்வதா என்று கேட்காத மாணவர் இல்லை. எழுத்தில் 'டி' இருக்கிறது. 'லிஸன்', 'ஸாஃபன்' போன்ற சொற்களில் அது மௌனமாகிவிடுவதுபோல இங்கேயும் மௌனமாக்கலாம், வாய்விட்டுச் சொன்னாலும் தவறில்லை. அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன. ஆஃப்டன் என்பவரைத் திருத்தப் போகாதீர்கள்.

சம்டைம்ஸ் என்றால் 'சில சமயம்'. கடைசி 'ஸ்' முக்கியம். அது இல்லாமல் 'சம்டைம்' என்றால் 'பிறகு எப்போதாவது ஒருநாள்' என்று பொருள் மாறிவிடும்: "லெட் அஸ் மீட் சம்டைம்." எழுதும்போது 'சம்' ஒரு சொல், 'டைம்' ஒரு சொல் என்று இடைவெளி விட்டுப் பிரித்தால் 'கொஞ்ச நேரம்'. அக்கேஷனலி என்பது சம்டைம்ஸைவிடக் குறைவு, நம் 'எப்போதாவது'.

ரேர்லி, செல்டம், ஹார்ட்லி எவர் மூன்றும் அத்தி பூத்தாற்போல நடப்பதற்கு. செல்டம் இன்றைய பேச்சில் குறைந்து எழுத்தில் தங்கிவிட்டது. பேச்சில் 'ஹார்ட்லி எவர்' என்று சொல்லிப் பழகுங்கள், நன்றாக இருக்கும். 'ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம்' என்கிறோமே, அதற்கு நெருக்கமானது 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'. ஒரே ஆங்கில மாதத்தில் இரண்டு பௌர்ணமி வந்தால் இரண்டாவதுக்குப் பெயர் ப்ளூ மூன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29.5 நாள் என்பதால், சராசரியாக இரண்டே முக்கால் வருடத்துக்கு ஒருமுறை இது அமையும். 2023 ஆகஸ்டில் அப்படி வந்தது. நிலா நீலமாகத் தெரியாது, பெயர் மட்டும்தான்.

நெவர் என்பதற்குத் தனிப் படியே வேண்டும். கீழே வருகிறேன்.

படி 4: உட்காரும் இடம்

தமிழில் 'எப்போதும்' எங்கே வேண்டுமானாலும் உட்காரும். "நான் எப்போதும் காபி குடிப்பேன்", "எப்போதும் நான் காபி குடிப்பேன்", "காபி நான் எப்போதும் குடிப்பேன்" எல்லாம் சரி, அழுத்தம்தான் மாறும். ஆங்கிலத்தில் இந்தச் சுதந்திரம் கிடையாது. மூன்று இடங்களை நினைவில் வையுங்கள்.

ஆம், இஸ், ஆர், வாஸ், வேர் தனியாக வந்தால் அதற்குப் பின்னால்: "ஷீ இஸ் ஆல்வேஸ் ஆன் டைம்." வேறு வினை தனியாக வந்தால் அதற்கு முன்னால்: "ஷீ ஆல்வேஸ் கம்ஸ் ஆன் டைம்." துணைவினையும் சேர்ந்து வந்தால் இரண்டுக்கும் நடுவில்: "ஷீ ஹேஸ் ஆல்வேஸ் ஹெல்ப்ட் மீ", "யூ கேன் ஆல்வேஸ் கால் மீ." துணைவினை இரண்டு மூன்று இருந்தால் முதலாவதுக்குப் பின்னால் வைத்துவிடுங்கள். 'ஹேவ் டு' மட்டும் இந்தக் கணக்கில் சேராது, அதற்கு முன்னால்தான்: "ஐ ஆஃபன் ஹேவ் டு வெயிட்."

கேள்வியாக மாறினால் ஆளுக்குப் பின்னால்: "டூ யூ ஆல்வேஸ் டேக் திஸ் பஸ்?" "இஸ் ஹீ யூஷுவலி லேட்?"

வினைக்கும் அது ஏற்கும் பொருளுக்கும் நடுவில் மட்டும் நுழைக்காதீர்கள். "ஐ டிரிங்க் ஆல்வேஸ் காஃபி" என்பது கேட்பவர் காதில் உடனே இடறும்.

வாக்கியத்தின் தொடக்கத்தில் சம்டைம்ஸ், யூஷுவலி, அக்கேஷனலி தாராளமாக வரலாம்: "சம்டைம்ஸ் ஐ வாக் ஹோம்." ஆல்வேஸும் நெவரும் தொடக்கத்தில் வருவது கட்டளையில்தான்: "ஆல்வேஸ் வேர் எ ஹெல்மெட்", "நெவர் ஷேர் யுவர் ஓ.டி.பி." மேடைப்பேச்சில் "நெவர் ஹேவ் ஐ சீன் சச் எ கிரவுட்" என்று கேட்டிருப்பீர்கள். அழுத்தத்துக்காக நெவரை முன்னால் கொண்டுவந்தால் கேள்வியில் போல 'ஹேவ் ஐ' என்று திருப்பிப்போட வேண்டும். அன்றாடப் பேச்சுக்கு இது வேண்டாம்.

படி 5: இல்லை என்று சொல்வது

இந்தப் படியில் நிதானமாக நில்லுங்கள். இங்கே வரும் பிழை அர்த்தத்தையே தலைகீழாக்கும்.

"நான் ஒருபோதும் பொய் சொன்னதில்லை." இதில் 'ஒருபோதும்' என்று மட்டும் சொன்னால் எதிர்மறை கிடைக்காது, கடைசியில் 'இல்லை' வந்தாக வேண்டும். ஆங்கிலத்தில் நெவருக்குள்ளேயே இல்லை இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் 'இல்லை' என்று பொருள்பட்ட 'நே' என்ற சொல் 'எவர்' உடன் ஒட்டிப் பிறந்ததுதான் நெவர். ஆகவே "ஐ ஹேவ் நெவர் டோல்ட் எ லை" என்றாலே முடிந்தது. நம் பழக்கத்தில் இன்னொரு 'நாட்' சேர்த்து "ஐ நெவர் டிடின்ட் டெல் எ லை" என்று சொன்னால், "பொய் சொல்லாமல் இருந்ததே இல்லை" என்று ஆகிவிடும்.

அடுத்தது 'எப்போதும்'. "அவர் எப்போதும் கூட்டத்துக்கு வருவதில்லை" என்றால் வருவதே கிடையாது என்று நாம் புரிந்துகொள்வோம். அதையே சொல்லுக்குச் சொல் "ஹீ ஆல்வேஸ் டஸின்ட் கம்" என்று மாற்றுகிறோம். இது இயல்பான ஆங்கிலம் இல்லை. கேட்பவர் இதை மனதுக்குள் "ஹீ டஸின்ட் ஆல்வேஸ் கம்" என்று சரிசெய்துகொண்டால் இன்னும் சிக்கல். அதன் பொருள் "எல்லாக் கூட்டத்துக்கும் வருவார் என்று சொல்ல முடியாது, சிலவற்றுக்கு வருவார்" என்பது. வருவதே கிடையாது என்று சொல்ல வேண்டுமானால் "ஹீ நெவர் கம்ஸ்". ஒரு சக ஊழியரைப் பற்றி மேலதிகாரியிடம் சொல்லும்போது இந்த இரண்டுக்கும் உள்ள தூரம் சாதாரணமானது இல்லை.

ரேர்லி, செல்டம், ஹார்ட்லி எவர் மூன்றும் பாதி எதிர்மறைச் சொற்கள். அவற்றோடும் 'நாட்' சேராது. "ஷீ ரேர்லி ஈட்ஸ் அவுட்" என்றால் போதும். வாக்கியத்தின் வாலில் 'தானே?' என்று கேட்கும்போதும் இதைக் கவனிக்க வேண்டும். "ஷீ ரேர்லி ஈட்ஸ் அவுட், டஸ் ஷீ?" "ஹீ நெவர் கம்ப்ளெய்ன்ஸ், டஸ் ஹீ?" வாக்கியம் எதிர்மறை என்பதால் வால் நேர்மறை.

ஹார்ட்லி என்றதும் ஒரு எச்சரிக்கை. "ஹீ ஒர்க்ஸ் ஹார்ட்" என்றால் கடுமையாக உழைக்கிறார். "ஹீ ஹார்ட்லி ஒர்க்ஸ்" என்றால் வேலையே செய்வதில்லை. பரிந்துரைக் கடிதத்தில் இது மாறினால் ஒருவருடைய வேலை வாய்ப்பே போய்விடும்.

இனி 'எப்போதாவது'. இதற்கு இரண்டு முகம். "எப்போதாவது சினிமாவுக்குப் போவேன்" என்பது அக்கேஷனலி. "எப்போதாவது கொடைக்கானல் போயிருக்கிறீர்களா?" என்பது எவர்: "ஹேவ் யூ எவர் பீன் டு கொடைக்கானல்?" கேள்வியில் எவர் வந்தது என்பதற்காகப் பதிலிலும் "எஸ், ஐ ஹேவ் எவர் பீன்" என்று சொல்லக்கூடாது. "எஸ், ட்வைஸ்" அல்லது "நோ, நெவர்" என்று சொன்னால் அழகாக முடிந்துவிடும்.

"ஹேவ் யூ நெவர் பீன் டு ஊட்டி?" என்று ஒருவர் ஆச்சரியமாகக் கேட்கிறார். நீங்கள் போனதில்லை. தமிழில் "ஆமாம், போனதே இல்லை" என்போம், கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் உண்மை நிலவரம்தான் கணக்கு. போனதில்லை என்றால் "நோ, ஐ ஹேவின்ட்". போயிருந்தால் "எஸ், ஐ ஹேவ்". "எஸ், ஐ ஹேவின்ட்" என்று கலந்து சொன்னால் கேட்டவர் குழம்பிப்போவார்.

படி 6: எண்ணிக்கை சொல்வது

'வாரம் இரண்டு தடவை' என்ற வரிசையிலேயே போனால் 'வீக்லி ட்வைஸ்' வரும். 'மந்த்லி ஒன்ஸ்', 'இயர்லி ஒன்ஸ்' எல்லாம் இதே கதை. நமக்குள் பேசும்போது புரியும், வெளியே இடறும். ஆங்கிலத்தில் தடவை முன்னால், காலம் பின்னால்: ட்வைஸ் எ வீக், ஒன்ஸ் எ மந்த், ஃபோர் டைம்ஸ் எ இயர். நடுவில் வரும் அந்தச் சின்ன 'எ' விடுபடக்கூடாது.

ஒன்ஸ், ட்வைஸ் எங்கும் செல்லும். த்ரைஸ் இந்தியாவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அது பழைய புத்தகச் சொல்லாகிவிட்டது, அங்கே 'த்ரீ டைம்ஸ்'. நான்கிலிருந்து எல்லாருக்குமே 'டைம்ஸ்'தான்.

'இரண்டு நாளைக்கு ஒருமுறை' என்பதற்கு 'ஒன்ஸ் இன் டூ டேஸ்' என்று சொல்லித் தவிக்க வேண்டாம். 'எவ்ரி டூ டேஸ்' அல்லது 'எவ்ரி அதர் டே'. இடைவெளி நீளமாக இருந்தால் 'ஒன்ஸ் எவ்ரி' என்று தொடங்குங்கள். நம் ஊரிலேயே நல்ல உதாரணங்கள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலக்குறிஞ்சி 12 வருடத்துக்கு ஒருமுறை பூக்கிறது, 2006இலும் 2018இலும் பூத்தது: "இட் ப்ளூம்ஸ் ஒன்ஸ் எவ்ரி ட்வெல்வ் இயர்ஸ்." காஞ்சிபுரத்தில் அத்திவரதர் தரிசனம் 40 வருடத்துக்கு ஒருமுறை, 1979க்குப் பிறகு 2019இல்: "ஒன்ஸ் எவ்ரி ஃபார்ட்டி இயர்ஸ்." வெளியூர் நண்பர்களுக்கு இவற்றை ஆங்கிலத்தில் விளக்கிச் சொல்லிப் பாருங்கள், இந்த அமைப்பு மறக்கவே மறக்காது.

எவ்ரி வந்தால் 'ஆன்' வேண்டாம். "ஐ ஃபாஸ்ட் எவ்ரி ஃப்ரைடே." ஆன் போட்டால் கிழமை பன்மையாகும்: "ஐ ஃபாஸ்ட் ஆன் ஃப்ரைடேஸ்." இரண்டும் ஒரே பொருள், எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், 'தினமும்' என்பதற்கு 'எவ்ரி', 'டே' என்று பிரித்து எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் 'அன்றாட' என்று பெயரடை ஆகிவிடும்.

'எவ்ரி செகண்ட் சாட்டர்டே' என்பதில் ஒரு பொறி இருக்கிறது. இந்தியாவில் 2015 செப்டம்பரிலிருந்து வங்கிகளுக்கு மாதத்தின் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமைகளில் விடுமுறை. அதை மனதில் வைத்து நாம் 'எவ்ரி செகண்ட் சாட்டர்டே' என்கிறோம். லண்டனில் இருப்பவருக்கு அது 'ஒன்றுவிட்டு ஒரு சனிக்கிழமை'. மாதத்தில் ஐந்து சனிக்கிழமை வந்தால் இரண்டு கணக்கும் உடனே பிசகும். "தி செகண்ட் சாட்டர்டே ஆஃப் எவ்ரி மந்த்" என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

படி 7: 'பை' என்று தொடங்கும் சொற்களைத் தவிருங்கள்

ரயில்வே அட்டவணையில் 'பைவீக்லி எக்ஸ்பிரஸ்' என்றால் வாரத்தில் இரண்டு நாள் ஓடும் ரயில். தமிழ்நாட்டு வீடுகளுக்கு வரும் மின்கட்டணம் 'பைமந்த்லி', அதாவது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஒரே முன்னொட்டு, ஓரிடத்தில் 'இரண்டு முறை', இன்னோரிடத்தில் 'இரண்டுக்கு ஒருமுறை'. இது நம் குழப்பம் இல்லை, ஆங்கிலத்தின் குழப்பம். அகராதியிலேயே இரண்டு பொருளும் இருக்கின்றன. கூட்டம் பைவீக்லி என்று மின்னஞ்சல் வந்தால் தயங்காமல் திருப்பிக் கேளுங்கள். நீங்கள் எழுதும்போது 'ட்வைஸ் எ வீக்' அல்லது 'எவ்ரி டூ வீக்ஸ்' என்று எழுதுங்கள்.

இரண்டு வாரத்துக்கு 'ஃபோர்ட்நைட்' என்ற நல்ல சொல் உண்டு. பதினான்கு இரவுகள் என்பது சுருங்கி வந்தது. பிரிட்டனிலும் இந்தியாவிலும் இயல்பு, அமெரிக்கர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. வருடக் கணக்கில் 'பையானுவல்' என்றால் வருடம் இருமுறை, 'பையெனியல்' என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. கொச்சியில் 2012இல் தொடங்கிய கலைவிழாவுக்கு 'பியனாலே' என்று பெயர் வைத்தது இரண்டு வருட இடைவெளியை வைத்துத்தான். பையெனியலின் இத்தாலிய உறவு அது.

படி 8: மருந்துச்சீட்டில் வரும் சொற்கள்

மருத்துவர் எழுதும் சுருக்கங்கள் லத்தீன். ஓ.டி. என்றால் தினம் ஒருமுறை, பி.டி. இருமுறை, டி.டி.எஸ். மூன்று முறை. எஸ்.ஓ.எஸ். என்பது 'சி ஓபஸ் சிட்', அதாவது தேவைப்பட்டால் மட்டும். கண் மருத்துவர் சீட்டில் அதே ஓ.டி. வலது கண்ணைக் குறிக்கும் என்பதால் சந்தேகம் வந்தால் கேட்டுவிடுங்கள். இந்தியச் சீட்டுகளில் 1-0-1 என்று காலை, மதியம், இரவு கணக்கு போடுவதும் வழக்கம்.

மொழியாக இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. 'ஃபோர் டைம்ஸ் எ டே' என்றால் ஒரு நாளில் நான்கு வேளை, விழித்திருக்கும் நேரத்தில் பிரித்துக்கொள்ளலாம் என்றுதான் பலரும் எடுத்துக்கொள்வார்கள். 'எவ்ரி சிக்ஸ் அவர்ஸ்' என்றால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவில் எழுந்தும் எடுக்க வேண்டியிருக்கலாம். எண்ணிக்கை ஒன்று, இடைவெளி வேறு. எது என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்க வாக்கியம் தெரிந்திருக்க வேண்டும்: "ஷுட் ஐ டேக் இட் எவ்ரி சிக்ஸ் அவர்ஸ், ஈவன் அட் நைட்?"

மேலே மதிப்புச் சொற்களுக்கு நிலையான எண் கிடையாது என்றேன். ஆனால் ஒரு இடத்தில் உண்டு. ஐரோப்பாவில் மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பக்கவிளைவுகளை வரிசைப்படுத்தும்போது 'வெரி காமன்' என்றால் பத்துப் பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ, 'காமன்' என்றால் 100இல் ஒருவர் முதல் பத்தில் ஒருவர் வரை, 'அன்காமன்' என்றால் 1,000இல் ஒருவர் முதல் 100இல் ஒருவர் வரை. 'ரேர்' என்றால் 10,000இல் ஒருவர் முதல் 1,000இல் ஒருவர் வரை, 'வெரி ரேர்' அதற்கும் கீழே. வெளிநாட்டில் பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோர் 'காமன்' என்ற சொல்லைப் பார்த்து, இது எல்லாருக்கும் வருமாம் என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவதுண்டு. நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் அது வராது என்பதுதான் அந்தச் சொல்லின் கணக்கு.

படி 9: 'எப்பப் பார்த்தாலும்'

'எப்போதும்' என்பதற்கும் 'எப்பப் பார்த்தாலும்' என்பதற்கும் உள்ள வித்தியாசம் நமக்குத் தெரியும். இரண்டாவதில் எரிச்சல் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஆல்வேஸுடன் 'இங்' வினை சேர்ந்தால் பெரும்பாலும் அந்த எரிச்சல் வரும். "ஹீ ஆல்வேஸ் ஆஸ்க்ஸ் கொஸ்சின்ஸ்" என்றால் தகவல். "ஹீ இஸ் ஆல்வேஸ் ஆஸ்கிங் கொஸ்சின்ஸ்" என்றால் எப்பப் பார்த்தாலும் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கிறான் என்ற சலிப்பு. தெரியாமல் சொல்லி யாரையும் புண்படுத்திவிடக் கூடாது.

குறை சொல்ல வேண்டிய இடத்தில் "யூ ஆல்வேஸ்", "யூ நெவர்" என்று தொடங்கினால் எதிராளி உடனே, போன வாரம் நான் செய்தேனே என்று விதிவிலக்கைத் தேடுவார். "சம்டைம்ஸ் தி ரிப்போர்ட் கம்ஸ் லேட்" என்றால் பேச்சு வேலையைப் பற்றிப் போகும்.

படி 10: பயிற்சி

ஒரு நோட்டில் உங்கள் வாழ்க்கையிலிருந்தே பத்துக் காரியங்களை எழுதுங்கள். எழுந்திருப்பது, அம்மாவுக்குப் போன் செய்வது, கோயிலுக்கோ ஜிம்முக்கோ போவது, வெளியே சாப்பிடுவது, கோபப்படுவது, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம்: ஒன்று மதிப்புச் சொல்லோடு, ஒன்று எண்ணிக்கையோடு. "ஐ ஹார்ட்லி எவர் ஈட் அவுட். ஐ ஈட் அவுட் ஒன்ஸ் எ மந்த்." அடுத்த நாள் அதே பத்தையும் 'முன்பெல்லாம்' என்று மாற்றி யூஸ்ட் டு போட்டுச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் அவற்றையே கேள்வியாக்குங்கள்.

பிறகு இந்த ஐந்தைத் திருத்திப் பாருங்கள். "மந்த்லி ட்வைஸ் ஐ வில் கோ டு மை நேட்டிவ்." "ஐ யூஸ் டு டிரிங்க் டீ நவ்." "ஹீ ஆல்வேஸ் டஸின்ட் ஆன்சர் தி ஃபோன்." "ஐ நெவர் டிடின்ட் சீ ஸ்னோ." "ஷீ கம்ஸ் ஆல்வேஸ் லேட்."

விடைகள்: "ஐ கோ டு மை ஹோம்டவுன் ட்வைஸ் எ மந்த்." "ஐ யூஷுவலி டிரிங்க் டீ நவ்." "ஹீ நெவர் ஆன்சர்ஸ் தி ஃபோன்." "ஐ ஹேவ் நெவர் சீன் ஸ்னோ." "ஷீ ஆல்வேஸ் கம்ஸ் லேட்." முதல் வாக்கியத்தில் 'நேட்டிவ்' என்பதையும் மாற்றியிருக்கிறேன். சொந்த ஊர் என்ற பொருளில் தனியாக அந்தச் சொல்லை நம்மூரில்தான் பயன்படுத்துகிறோம்.

முடிந்தால் ஒரு நண்பரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அவர் 'ஹவ் ஆஃபன்' என்று கேட்கட்டும், நீங்கள் பதில் சொன்னதும் விடாமல் இன்னொரு கேள்வி கேட்கட்டும். அந்த இளைஞரோடு நான் அப்படித்தான் செய்தேன். மறுவாரம் அதே கேள்விக்கு "ஐ ரீட் எ நியூஸ்பேப்பர் எவ்ரி மார்னிங்" என்றார். "டூ யூ எவர் மிஸ் இட்?" என்று மடக்கினேன். கொஞ்சம் யோசித்து, "ஹார்ட்லி எவர், சார். ஒன்லி ஆஃப்டர் பொங்கல் அண்ட் தீபாவளி. தேர் இஸ் நோ பேப்பர் தட் டே" என்றார்.